மேல் அம்பு, கீழ் அம்பு

நான் சொன்னதுதான் சரி என்று என் அக்கா வீட்டுக்காரர் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொன்னதில்லை. ஒன்பது வருடமாக இது எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருக்கிறது. ஆள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போனவரைக் குறை சொல்லக் கூடாது என்று அக்காவே என் வாயை அடைக்கிறாள். நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் குழாய் வேலை செய்கிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். மாமா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருடம் பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுப் பொந்துக்குள் எண்ணெய்க் கையோடு நின்றவர். மூடிய கதவில் காதை வைத்து, "மூணாவது மாடி உருளை தேஞ்சு போச்சு, அடுத்த வாரம் மாத்திடணும்" என்பார். மாற்றாமல் விட்டால் அடுத்த வாரம் லிஃப்ட் சரியாக மூன்றாவது மாடியில் நிற்கும். அப்படிப்பட்ட காது. அதே காதுக்கு, பக்கத்து அறையிலிருந்து அக்கா கூப்பிட்டால் கேட்காது.

"லிஃப்ட் பொத்தான் மாதிரி மூணு தடவை அமுக்கினாத்தான் இந்த மனுசன் கதவு திறக்கும்" என்பாள் அக்கா.

அவருக்கு ஹாம் ரேடியோவில் பித்து. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் வைக்கும் பரீட்சையை எழுதி லைசென்ஸ் வாங்கினால், நம் வீட்டிலேயே ஒரு செட்டை வைத்துக்கொண்டு, அதே மாதிரி லைசென்ஸ் வாங்கிய எந்த ஊர்க்காரரோடும் ஆகாயத்தின் வழியே பேசலாம். இடையில் ஒரு கம்பெனியும் கிடையாது. செட்டு, மைக், வெளியே ஒரு ஆண்டெனா, அவ்வளவுதான். மாமா நாற்பது வயதுக்கு மேல் அந்தப் பரீட்சையை இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவது தடவை தேறினார். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே சாமான் போட்டுவைக்கும் இடம் ஒன்று இருந்தது. அங்கே பழைய லிஃப்ட் கதவு ஒன்றைப் படுக்கப்போட்டு மேசையாக்கி, அதன்மேல் செட்டை வைத்தார். உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும். அதுதான் அவருடைய ராஜ்யம்.

அந்த ராஜ்யத்தில் காலை ஏழு மணி ஒன்றுதான் முக்கியம். ஏழு மணிக்கு மலைக்காரர் வருவார். அவர் இருநூறு மைலுக்கு அப்பால் மலை மேலே ஒரு சின்ன ஊரில் இருந்தார். முன்னாள் லாரி டிரைவர். வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய், மாடி அறையில் ஒரு நாற்காலியோடு வாழ்க்கை. மகள் ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவாள். நடுவில் அந்த அறைக்குள் மனிதக் குரல் என்று கேட்பது மாமாவின் குரல் ஒன்றுதான். அவர் வைத்திருந்தது கையால் கட்டிய சின்ன செட்டு. சத்தம் ஈனமாகத்தான் வரும். மாமா அதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

என்ன பேசுவார்கள் என்கிறீர்களா? ஒன்றுமே இல்லை.

"யோவ் லிஃப்ட்டு, இங்க மூடுபனி. எதிர்வீடு தெரியல."

"இங்க வெயில் வந்துடுச்சு மலை. எதிர்வீட்டுக்காரன் பல்லு விளக்குறது வரைக்கும் தெரியுது."

"பாவம்யா நீ."

இப்படியே இருபது நிமிடம். இதைப் போனில் பேசினால் என்ன என்று ஒரு நாள் அக்கா கேட்டாள். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போன்ல பேசணும்னா விஷயம் வேணும்டி" என்றார்.

இந்த ஏழு மணிக்குத்தான் ஆபத்து வந்தது. மாமாவின் ஆண்டெனா ரொம்பச் சாதாரணம். மொட்டை மாடியிலிருந்து பக்கத்து மனையில் இருந்த ஒரு மரத்துக்கு இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி. இந்தப் பக்கம் பத்து மீட்டர், அந்தப் பக்கம் பத்து மீட்டர், நடுவில் ஒரு பீங்கான் குமிழ், அதிலிருந்து கேபிள் கீழே இறங்கும். பக்கத்து மனைக்காரர் வீடு கட்டத் தொடங்கி, மரத்தை வெட்டினார். கம்பி தொப்பென்று விழுந்தது. அக்கா அதைச் சுருட்டி எடுத்து, கொல்லைப்புறத்தில் சுவர் ஓரமாக ஆணிக்கு ஆணி வளைத்துக் கட்டித் துணி காயப்போட ஆரம்பித்தாள். ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரம்.

இனி கம்பி கட்ட இரண்டு முனை கிடையாது. கொல்லையில் ஒரு கம்பம் நட மட்டும்தான் இடம். ஆகவே நட்டுக்குத்தலாக நிற்கிற ஆண்டெனாதான் ஒரே வழி என்று மாமா முடிவுகட்டினார். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் படித்தார் பாருங்கள், எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் இத்தனை விசாரணை நடந்ததில்லை.

கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பம், கிளாம்ப், கான்கிரீட் எல்லாம் என் கைவேலை என்பதால். கடைக்காரர் மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியே வைத்திருப்பார்.

"எந்த பேண்டுக்கு வேணும் சார்?"

"நாற்பது மீட்டர்" என்றார் மாமா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாற்பது மீட்டர் கம்பமா? மாமா, அது சாஞ்சா மூணு தெரு படுத்துடும்!"

கடைக்காரர் சிரித்ததில் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு வந்துவிட்டது. பேண்டு என்றால் அலைவரிசையாம், நாற்பது மீட்டர் என்பது அந்த அலையின் நீளமாம். கம்பம் அதில் கால் பங்கு, பத்து மீட்டர் இருந்தால் போதுமாம். இந்தக் கதையை மாமா சாகும்வரை விருந்தாளி ஒருவர் விடாமல் சொன்னார். என் கதை என்றால் மட்டும் ஆள் பேர் மறக்காது.

கடைக்காரர் மூன்று வகை காட்டினார். ஒன்று, அலுமினியக் குழாய், நடுவே தாயத்து மாதிரி சுருள்கள். எல்லா பேண்டுக்கும் ஆகும், உயரமும் குறைவு. "குட்டையானதுக்குச் சுருள் போட்டு ஏமாத்துறது. பாதி சக்தி சுருள்லயே சூடாப் போயிடும்" என்று மாமா ஒதுக்கினார். இரண்டாவது, அடியில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்தது. மண்ணுக்குள் கம்பி பதிக்கவே வேண்டாம் என்று அட்டையில் போட்டிருந்தது. "பெட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்று மாமா கேட்டார். "அதை கம்பெனிக்காரன் சொல்றதில்லை சார்." திறந்து பார்க்க முடியாத எதையும் மாமா வாங்கியதில்லை. மூன்றாவது, தூண்டில் கழி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று செருகி இழுக்கிற ஃபைபர் கழி. பத்து மீட்டர் நீளும். உள்ளே ஒரு கம்பியை மேலே வரை விடவேண்டியது, அடியிலிருந்து நாலாபக்கமும் தரைக்குள் பதினாறு கம்பிகளைப் பதிக்கவேண்டியது.

"இதுல ஒளிவு மறைவு இல்லை" என்று மாமா அதைத் தடவிக் கொடுத்தார்.

கடைக்காரர் அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். "நல்ல சாய்ஸ் சார். நட்டுக்குத்தலா நிக்கிறது எப்பவும் தாழ்வாத்தான் வீசும். அடிவானத்தை ஒட்டிப் போகும். கடல் தாண்டி, கண்டம் தாண்டிப் போய் விழும்."

மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கண்டம் தாண்டி என்றதும் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழி தோண்டும் இடத்தில் மண் கட்டியாக இருந்ததால் ஹோஸ் பைப்பால் நனைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் போட்டிருந்தது, நல்ல வேகம். பக்கத்தில் அக்காவின் மிளகாய்ச் செடிகள். ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தித் தாழ்வாகப் பீச்சினேன். தண்ணீர் எதிர்ச்சுவரில் போய் அடித்தது. காலடியில் இருந்த செடியில் ஒரு சொட்டு விழவில்லை. அப்போது என் மண்டைக்குள் ஏதோ தட்டியது.

"மாமா, இங்க பாருங்க. தாழ்வா அடிச்சா தூரத்துச் சுவர் நனையுது, பக்கத்துச் செடி காயுது. அண்ணாந்து மேல பாத்து அடிச்சா, இந்தா, தலைக்கு மேல போயி நம்ம செடியிலயே விழுது. மலைக்காரர் பக்கத்துச் செடி மாமா. உங்க கம்பம் அவர் தலைக்கு மேலயே போயிடாதா?"

மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐயாயிரம் மைல் போறது இருநூறு மைல் போகாதாடா?"

"செடி நனையலையே மாமா."

"குழாய்க்காரா, உன் தண்ணியும் என் ரேடியோவும் ஒண்ணா? போய் சிமெண்டைக் கலக்கு."

போய்க் கலக்கினேன். சொன்ன இடத்தில் குழாயை நட்டு, கழியைச் சாய்த்து நிமிர்த்த ஒரு கீல் வைத்து, கான்கிரீட் போட்டேன். பதினாறு கம்பிகளுக்கும் விரற்கடை ஆழத்துக்கு மண்ணைக் கீறினோம். "கம்பம் பாதிதான் மச்சான், மீதிப் பாதி மண்ணுக்குள்ள" என்று அவர் சொல்லிக்கொண்டே போக, நான் குனிந்தபடி இடுப்பொடியப் பதித்துக்கொண்டே போனேன். நாலு மிளகாய்ச் செடி காலி. அக்கா அவற்றைக் கையில் எடுத்துக் காட்டி, "இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். மாமாவுக்குக் கேட்கவில்லை.

கம்பம் நிமிர்ந்த அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டுப் பேசிய ஊர்களின் பெயர்களை என்னால் உச்சரிக்கக்கூட முடியாது. பனிக்கட்டி ஊர்க்காரன் ஒருவன், தீவுக்காரன் ஒருவன், கப்பலில் போகிற ஒருவன். மாமா ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதுவார். தேதி, நேரம், சத்தம் எத்தனை மார்க். அந்த ஒரு பக்கம் நிரம்பி வழிந்தது. என்னைக் கூப்பிட்டு மைக்கின் முன்னால் உட்காரவைக்காத குறை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மலைக்காரர் வரவில்லை.

அதாவது, மலைக்காரர் அங்கே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். இவருக்கும் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை. "உஸ்ஸ்" என்ற இரைச்சல் மட்டும். மாமா போன் போட்டு, "கொஞ்சம் சரி பண்ண வேண்டியிருக்கு மலை, ரெண்டு நாள் பொறு" என்றார்.

இரண்டு நாள் நான்காயிற்று, பத்தாயிற்று. கம்பியைக் கொஞ்சம் வெட்டினார், ஒட்டினார். தரைக்குள் இன்னும் எட்டுக் கம்பி போட்டார். அதற்கும் நான்தான் குனிந்தேன். தூரத்து ஊர்கள் இன்னும் தெளிவாகக் கேட்டன. மலை மட்டும் கேட்கவில்லை. ஒரு நாள் அந்த நோட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் கண்டம் கண்டமாகப் பெயர்கள், ஒவ்வொரு நாளும் முதல் வரியில் ஒரே எழுத்து: "7 மணி. மலை. இல்லை." அடுத்த நாள்: "7 மணி. மலை. இல்லை." பத்தொன்பது "இல்லை" எண்ணினேன்.

போனிலும் மலைக்காரர் குத்த ஆரம்பித்துவிட்டார். "என்னய்யா லிஃப்ட்டு, வெளிநாட்டு ஆளுங்க கிடைச்சதும் மலைநாட்டான் கசந்துட்டானா? பெரிய இடம்யா நீ. இருக்கட்டும் இருக்கட்டும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் மாமாவின் போனை எடுப்பதை விட்டுவிட்டார். இருபதாம் நாள் அவருடைய மகள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அத்தை, அப்பா காலையில செட்டுக்கு முன்னாடி உட்கார்ந்தவர் நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அப்படியே இருக்கார். சாப்பாடு மூடினபடி இருக்கு. ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

அக்கா போனை வைத்துவிட்டு மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் போன் செய்தாள். "டேய், சமையலறைக் குழாய் ஒழுகுது, வா" என்றாள். போய்ப் பார்த்தேன், குழாய் ஒழுகவில்லை. கொல்லைப்புறத்தைக் கையால் காட்டினாள். "உன் மாமனுக்கு நீதான் சொல்லணும். நான் சொன்னா காதுல ஏறாது."

கொல்லையில் மாமா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆள் இளைத்திருந்தார். ஹோஸ் கதையை மறுபடி எடுத்தால் மண்வெட்டி என் தலைக்கு வரும் என்று யோசித்தபடி துணிக்கொடியைப் பார்த்தேன். ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கொடியின் நடுவே, சமையலறை ஜன்னலுக்கு நேராக, அந்தப் பீங்கான் குமிழ். அக்கா அதைக்கூடக் கழற்றாமல் அப்படியே கட்டியிருந்தாள்.

"மாமா, இது உங்க பழைய கம்பிதானே?"

"ஆமா."

"கேபிளை இதுல மாட்டிப் பார்த்தா என்ன?"

"கிறுக்கா? அது ஆள் உயரத்துல, சுவரை ஒட்டி, வளைஞ்சு வளைஞ்சு கிடக்கு. ஆண்டெனான்னா உயரம் வேணும்டா. இதுல போட்டா எல்லாம் நேரா மேலதான் போகும்."

"மேல போயி?"

மாமா காலடியில் மிச்சமிருந்த மிளகாய்ச் செடியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே உள்ளே போய் கேபிளைக் கொண்டுவந்தார்.

அன்று மாலையே மாட்டினோம். செட்டையும் கம்பியையும் பொருத்துகிற ஒரு பெட்டியில் மாமா இரண்டு திருகுகளை மாற்றி மாற்றித் திருகி, செட்டின் முள் சரியான இடத்தில் உட்காரும்வரை விடவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் அங்கே நின்றேன். அந்த அறையில் இரண்டு பேர் நிற்கமுடியாது. கதவில் சாய்ந்து நின்றேன், எனக்குப் பின்னால் கரண்டியோடு அக்கா. மாமா கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சலுக்கு அடியிலிருந்து, போர்வைக்குள் பேசுவது மாதிரி, ஒரு குரல் எழுந்து வந்தது.

"...யோவ். வழி தெரிஞ்சுதா உனக்கு?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் மைக்கை அமுக்கினார்.

"மலை, எங்கேருந்து பேசுறேன் தெரியுமா? துணி காயப்போடுற கொடியில இருந்து."

"அதான் சோப்பு வாசனை அடிக்குது."

அக்கா கரண்டி பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது மலைக்காரர் கேட்டார்: "யாரு யோசனையா இது?"

நான் கதவில் நிமிர்ந்து நின்றேன்.

மாமா சொன்னார்: "நான்தான் கொஞ்சம் மாத்திப் பார்த்தேன்."

நான்! ஒரு எழுத்தை மாற்றி "நாம்" என்றால் என்ன குறைந்துவிடும் இவருக்கு? அன்று சாயங்காலம் தீவுக்காரனிடமும் "நான்". கடைக்காரரிடமும் "நான்". ஹாம்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், நின்று, மைக் பிடித்து, "நான் என் துணிக்கொடியை..." என்று கைதட்டல் வாங்கினார். அவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்த விஷயமாம் அது. நேராக மேலே போகிற அலை வானத்தில் பட்டுப் பக்கத்திலேயே திரும்பி விழும், அதனால் அருகில் இருக்கிறவனுக்குத் தாழ்ந்த கம்பிதான் நல்லது என்று புத்தகத்திலேயே இருக்கிறதாம். மாமாவிடம் கேட்டேன், "நீங்க படிக்கலையா அந்தப் பக்கத்தை?" என்று. "படிச்சேன். புரட்டிட்டேன்" என்றார். சிகரெட் பிடிக்கிறவன் டாக்டர் கொடுத்த தாளைப் புரட்டுகிற மாதிரி.

அதற்கப்புறம் இரண்டு ஆண்டெனாவும் நிலைத்துவிட்டன. உடைத்துப் போட்ட ஒரு லிஃப்டிலிருந்து சுவிட்சு ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் பதித்தார் மாமா. மேல் அம்பு, கீழ் அம்பு. மேலே தள்ளினால் கம்பம், தூரத்து ஊர்கள். கீழே தள்ளினால் கொடி, மலைக்காரர். வீட்டில் ஒரு புதுச் சட்டமும் வந்தது. காலை ஏழரை வரைக்கும் கொடியில் துணி போடக் கூடாது, தொடவும் கூடாது, அவர் பேசுகிற நேரத்தில் தொட்டால் சுடும். அக்கா முணுமுணுத்தாலும் அந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள் ஏழரைக்கு முன்னால் ஒரு கைக்குட்டையைக்கூடப் போட்டதில்லை. நாள் போகப்போக மேல் அம்புப் பக்கம் தூசி படிந்தது. தூரத்துக்காரர்களிடம் ஊர் பேரும் மார்க்கும் சொல்லிவிட்டால் பேச்சு தீர்ந்துவிடுகிறது என்றார். கீழ் அம்பு மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பெயிண்ட் போய்ப் பளபளத்தது.

யோசனை சொன்னது யார், கொடி யாருடையது என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "நான்." "என் கொடி."

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஜன்னல் ஓரக் கட்டில். மலைக்காரருக்கு மகள் மூலம் சொல்லிவிட்டோம். "அவன் எழுந்து வர்ற வரைக்கும் நான் ஏழு மணிக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன், பதில் வரலைன்னாலும் பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதிலிருந்து மாமாவுக்குப் படுக்கை கொள்ளவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்ற விடமாட்டேன் என்றார்.

நான்காம் நாள் சாயங்காலம் பார்க்கப் போனேன். அக்கா பிளாஸ்கைக் கழுவப் போயிருந்தாள். கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார். மூக்கில் குழாய். அதைக் காட்டி, "உன் வேலையை விட மோசமா மாட்டியிருக்கான்" என்றார். சிரிக்க முடியவில்லை, இருமல் வந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நாளைக்கு ஏழு மணிக்கு முன்னாடி வீட்டுக்குப் போ. செட்டைப் போடு. சுவிட்சைக் கீழ தள்ளு."

"சரி மாமா."

"மைக்கைத் தொட்டுடாதே. உனக்கு லைசென்ஸ் கிடையாது. கேளு, அவ்வளவுதான். அவன் கூப்பிடுறானா, சத்தம் எத்தனை மார்க்குன்னு நோட்டுல எழுதி எடுத்துட்டு வா."

"சரி மாமா."

நான் எழுந்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ் அம்பு மச்சான். மறந்து கம்பத்துல வெச்சுடாதே, அவன் குரல் கேக்காது. உன் கொடியில வை."